பழைய கவாசாக்கியைத் தொட்ட கைகள்

தலைவர் அவர்களே, சமூக மன்றச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து தேநீரும் வடையுமாக உபசரிக்கும் மகளிர் குழுவினரே, முன்வரிசையில் இருக்கும் ரயில் பணிமனைப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பெரியவர்களே, எழுந்து கும்பிட வேண்டாம். நாங்கள்தான் உங்களுக்காக எழ வேண்டும்.

வண்டி, வேலை, குரல் என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன்.

வண்டி என்றால் நம் சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி, பெருவிரைவு ரயில். ஜப்பானில் கவாசாக்கி முதலான நிறுவனங்கள் செய்து அனுப்பிய 66 ரயில்கள், ஒவ்வொன்றிலும் 6 பெட்டி. 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை, ஐந்தே நிலையங்களுக்கு ஓடத் தொடங்கின. ‘ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்காதே’ என்பார்கள். இந்தத் தீவை ஏற்றிவிட்ட ஏணி அது.

அப்புறம் வேலை. அந்த ரயிலின் மோட்டாரில் கார்பன் பிரஷ் இருந்தது, சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் கரித்துண்டு. ஓட ஓடத் தேயும், பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். பீஷான் பணிமனையில் இரவு வேலை பார்த்த எங்கள் மாமாவின் நகக்கண்ணில் அந்தக் கரி போனதே இல்லை. முதல் வாரமே பாட்டியை ரயிலேற்றினார். “இதுல நீ தொட்ட பெட்டி எதுடா?” என்றாள் பாட்டி. “எல்லாத்துலயும் கை வச்சிருக்கேம்மா.” பாட்டி கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சீன அம்மா எழுந்து இடம் கொடுத்தார். பாட்டி உட்காரவில்லை. “எம் புள்ள வேலை செஞ்ச எடம், நின்னுக்கிட்டே வர்றேன்.” தோ பாயோ வந்தது. இறங்க மாட்டேன் என்றாள். திரும்ப இயோ சூ காங், மறுபடி தோ பாயோ. மூன்று நடை! வீட்டுக்கு வந்து மாமாவின் கையைத்தான் முதலில் கழுவிவிட்டாள்.

அந்த ரயில்களுக்கும் வேறு இரண்டு பழைய வகைகளுக்கும் பதிலாக 106 புது ரயில்கள் வாங்கினார்கள். சரி, இரும்புக்கு மாற்று உண்டு. மாமா போய்விட்டார், அவர் குரல் எங்களிடம் இல்லை. அதைத்தான் ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து குரல்களைச் சேர்க்கிறது. நம் வீட்டுக் குரல்களை நாமும் தமிழிலேயே பதிய வேண்டாமா? பிரஷ் மாற்றியதை, விடிய விடியப் பெட்டி கழுவியதை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டாமா? ஏற்றிவிட்ட ஏணி, ஐயா, அந்தக் கைகள்.

வாசலருகே மேசையில் நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் அப்பா, மாமா, சித்தப்பா யார் பணிமனையில் இருந்தாலும் பெயர் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியோடு நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.