ஈரல் துண்டும் நாயின் மூக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கால்நடை மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். நாய்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதியை மருத்துவமனையில் கற்றேன். மறு பாதியை எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் கற்றேன். இன்று நான் பேசவிருப்பது கண்மாய்க் கரைப் பாடம்.

என்னிடம் ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. சந்தன நிறம், ஒட்டிய வயிறு, வில்லைப் போல வளைந்த முதுகு. வீட்டு முற்றத்தில் ‘வா’ என்று ஒரு முறை சொன்னால் போதும், ஓடி வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். நானும் ஒரு பிஸ்கட் துண்டைக் கொடுத்துப் பாராட்டுவேன். இந்த நம்பிக்கையில் ஒரு நாள் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். கருவேலம் புதருக்குள்ளிருந்து ஒரு முயல் கிளம்பியது. அதன்பின் நான் தொண்டை வறளக் கத்தியதும், பிஸ்கட் பொட்டலத்தைக் கொடி போல ஆட்டியதும் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேடிக்கையாகப் போயிற்றே தவிர, நாயின் காதில் விழவே இல்லை. அரை மணி நேரம் கழித்து, காதில் முள் கீறிய இரத்தத்தோடு அது தானாகவே திரும்பி வந்தது. முயல் தப்பிவிட்டது. முயல் வேட்டை நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதால், அது தப்பியதில் எனக்கும் நிம்மதிதான்.

அன்று வீடு திரும்பும் வழியில்தான் கணக்கு எனக்குப் புரிந்தது. முற்றத்தில் நாய்க்கு வேறு வேலை இல்லை. அங்கே ஒரு பிஸ்கட் நல்ல கூலி. கண்ணெதிரே முயல் ஓடும்போது அதைக் கைவிட்டுத் திரும்பி வருவதென்பது, அந்த இனத்து நாய்க்கு, பல தலைமுறையாக இரத்தத்தில் ஊறிய ஆசையை அடக்கிக்கொள்ளும் கடும் உழைப்பு. அந்த உழைப்புக்கும் நான் அதே பிஸ்கட்டையே கூலியாக நீட்டினேன். கூலி எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானிப்பவர் கொடுப்பவர் அல்லர், வாங்கும் நாய்தான் என்பதை நான் மறந்துவிட்டேன்.

நாய் அந்தக் கூலியை நாக்கால் எடைபோடுவதில்லை, மூக்கால் எடைபோடுகிறது. மனித நாவில் ஏறத்தாழ 9,000 சுவை மொட்டுகள் உண்டு. நாயின் நாவில் சுமார் 1,700 மட்டுமே. மூக்கில் இந்த நிலை தலைகீழாகிறது. நமக்கு 50 முதல் 60 லட்சம் வரையிலான மண உணர் செல்கள் என்றால், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 20 கோடி முதல் 30 கோடி வரை இருக்கின்றன. ஆகவே, நாம் சுவைத்துப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லும் இனிப்பு பிஸ்கட்டைவிட, நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஈரல், குடல், மண்ணீரல், கருவாடு ஆகியவற்றை நாய் மதிப்பதில் வியப்பில்லை. நம் இறைச்சிக் கடைகளில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மண்ணீரலில் ஒரு சிறு துண்டு, கூடத்து மூலையில் தூங்கும் நாயைச் சமையலறை வாசலுக்கு எழுப்பிக் கொண்டுவந்துவிடும்.

எனக்கு நன்கு கைகொடுத்தது கோழி ஈரல். நூறு கிராம் ஈரலைக் கழுவி, உப்பு, மஞ்சள் எதுவும் சேர்க்காமல், உள்ளே சிவப்பு மறையும் வரை கொதிநீரில் வேகவைக்க வேண்டும். வெந்ததை ஆறவைத்து, பட்டாணி அளவுத் துண்டுகளாக நறுக்கி, எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் சிறு தீயில் அடிக்கடி புரட்டிவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் ஆவி மட்டுமே கிளம்பும். பிறகு துண்டுகளின் ஓரம் கறுத்து, மேல்தோல் இறுகி, விரலால் அழுத்தினால் ரப்பரைப் போல எதிர்க்கும். அந்தப் பதம்தான் சரி. அதற்கு மேல் விட்டால் நொறுங்கித் தூளாகிவிடும். தூளைக் கீழே சிந்தினால் நாய் உங்களைப் பார்க்காமல் தரையை நக்கிக்கொண்டிருக்கும். வீடு முழுவதும் எழும் வாடைக்கு நான் பொறுப்பல்ல. என் மனைவி அதற்கென்றே எனக்குப் பின்கட்டில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை ஒதுக்கித் தந்துவிட்டார்.

நூறு கிராம் ஈரல் காய்ந்தபின் முப்பது, நாற்பது கிராமாகச் சுருங்கிவிடும். ஈரலின் எடையில் பெரும்பங்கு நீர்தான். இதை நினைவில் வைக்க வேண்டும். கையில் எடுத்தால் கொஞ்சமாகத் தோன்றும் காய்ந்த ஈரலில், முழு ஈரலின் சத்தும் இருக்கிறது, வைட்டமின் ‘ஏ’யும் இருக்கிறது. அந்த வைட்டமின் உடலில் தங்கிச் சேரக்கூடியது; மாதக்கணக்கில் அளவின்றிக் கொடுத்தால் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். பயிற்சிக்காகக் கொடுக்கும் தின்பண்டங்கள் அனைத்தும் சேர்ந்து நாயின் அன்றாட உணவாற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள்ளும் ஈரல் ஒரு பகுதியாக மட்டுமே இருக்கட்டும். பட்டாணி அளவு என்று நான் சொன்னது இதற்காகவும்தான். நாய்க்குத் துண்டின் பருமனைவிட எண்ணிக்கையும் மணமுமே பெரிது.

ஈரல் வேண்டாம் என்பவர்களுக்கு நெத்திலிக் கருவாடு இருக்கிறது. உப்பிடாமல் காயவைத்த நெத்திலி கிடைத்தால் நல்லது. உப்பிட்டதுதான் கிடைக்கிறதென்றால், தலையையும் குடலையும் கிள்ளி எறிந்து, மணல் போக அலசி, சில மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றி, பிறகு கல்லில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். வீட்டில் மீந்த கறிக்குழம்புத் துண்டைக் கழுவிக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கொடுக்கவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. அவற்றின் சாறு கறிக்குள் இறங்கியிருக்கும், கழுவினால் போகாது. பச்சை ஈரலும் வேண்டாம். அதில் சால்மொனெல்லா கிருமி இருந்தால், நாயைவிட, அதைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கும் உங்கள் குழந்தைக்கும்தான் ஆபத்து அதிகம்.

இனி, இந்தக் கூலியைக் கொடுக்கும் முறைக்கு வருகிறேன். கறியைக் காட்டி நாயை வரவழைப்பது லஞ்சம். வந்த பிறகு கறியை எடுத்துக் கொடுப்பது கூலி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், லஞ்சத்துக்குப் பழகிய நாய் முதலில் உங்கள் கையைப் பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று கணித்து, அதன்பிறகே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். ஆகவே துண்டுகள் இடுப்புப் பையில் மூடியிருக்கட்டும், கை வெறுமையாக இருக்கட்டும். புதிய செயல் ஒன்றை முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் மூக்கின் முன் துண்டைக் காட்டி வழிநடத்தலாம். அதுவும் நான்கைந்து முறைக்கு மேல் கூடாது.

கண்மாய்க் கரைச் சம்பவத்துக்குப் பிறகு ‘வா’ என்ற பழைய சொல்லையே நான் கைவிட்டேன். அது ஏற்கெனவே மதிப்பிழந்த நாணயம். அதற்குப் பதிலாக ஒரு விசிலை வாங்கினேன். முற்றத்தில் விசிலை ஒரு முறை ஊதுவேன். நாய் திரும்பிப் பார்த்த நொடியிலேயே ‘பலே’ என்பேன். வந்து சேர்ந்ததும் ஐந்து ஈரல் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பேன். ‘பலே’ என்பது செயலுக்கும் கூலிக்கும் இடையிலான ரசீது. செயல் நடந்த ஒரு நொடிக்குள் அது வராவிட்டால், எதற்காகக் கூலி கிடைத்தது என்று நாய்க்கு விளங்காது. பிறகு பத்து மீட்டர் பருத்திக் கயிற்றில் கட்டித் தெருவுக்கும், வயல் வரப்புக்கும், கடைசியில் கண்மாய்க் கரைக்கும் அழைத்துச் சென்றேன். விசிலுக்கு மட்டுமே ஈரல். உட்கார்வதற்கும் காத்திருப்பதற்கும் வழக்கமான பிஸ்கட்தான். எல்லாவற்றுக்கும் ஈரல் கொடுத்தால் ஈரலும் சில வாரங்களில் பிஸ்கட்டாகிவிடும்.

இதில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். விசிலுக்கு ஓடி வந்த நாயைப் பிடித்துச் சங்கிலி மாட்டி, நேரே வீட்டுக்கு இழுத்துப் போனேன். மூன்றே நாளில் அது பத்தடி தூரத்தில் நின்று, ஈரலின் மணத்தை மோந்துகொண்டே, கைக்கு எட்டாமல் வட்டமிடத் தொடங்கியது. விளையாட்டு முடிந்துபோவதற்கு ஈரல் ஈடாகவில்லை. அதன்பிறகு பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை கூலியைக் கொடுத்து மறுபடி ஓடவிட்டேன், கோளாறு நீங்கியது. இரண்டு மாதத்தில், புதரிலிருந்து கிளம்பிய முயலின் பின்னால் இருபதடி பாய்ந்துவிட்டு, விசில் கேட்டதும் மண்ணில் கால்கள் வழுக்க நின்று, ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்து, பிறகு என்னை நோக்கித் திரும்பியது. அன்று பையிலிருந்த துண்டுகள் அத்தனையையும் கொடுத்துவிட்டேன்.

மருத்துவமனையிலும் இதே ஈரல் உதவியது. ஆனால் அங்கே வரிசை முக்கியம். ருஷ்ய அறிஞர் பாவ்லவ் தம் ஆய்வுக்கூடத்தில் முதலில் மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவியை ஒலிக்கவிட்டு, பிறகு இறைச்சித் தூளைக் கொடுத்தார். அந்த ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறத் தொடங்கியது. தடுப்பூசி போட வருபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் தின்னக் கொடுத்துவிட்டுப் பிறகு ஊசியைக் காட்டுகிறார்கள். இரண்டு முறை இப்படி நடந்தால், ஈரலைப் பார்த்ததுமே நாய் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். முதலில் மருந்து நெடியும் வெள்ளை அங்கியும், உடனே அடுத்து ஈரல். ஊசி போடாத நாளிலும் நான்கைந்து முறை இப்படிச் செய்துவிட்டால், ஊசி போடும் நாளில் வாயைக் கட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் நன்றாக மோக்க முடியாது. எவ்வளவு மணமான துண்டானாலும் கோடையில் பத்து மணிக்குமேல் அதன் மதிப்புக் குறைந்துவிடுகிறது. விடியற்காலையில், இரை வைக்கும் முன்னர்ப் பயிற்சி கொடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த துண்டை அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்; குளிர்ந்த கறியிலிருந்து மணம் எழாது.

என் சிப்பிப்பாறை பன்னிரண்டு வயது வரை இருந்தது. கடைசி ஓராண்டில் அதற்குக் காது கேட்கவில்லை. விசில் ஆணியில் தொங்கியது. மாலையில் அது வேப்பமரத்தடியில் படுத்திருக்கும்போது, காற்று வரும் பக்கத்தில் போய் நின்று ஈரல் டப்பாவின் மூடியைத் திறப்பேன். சற்று நேரத்தில் மூக்கு அசையும், பிறகு தலை நிமிரும், பிறகு மெல்ல எழுந்து என்னிடம் நடந்து வரும். நான் சற்று முன் வகுத்த இலக்கணப்படி அது அப்பட்டமான லஞ்சம்தான். வணக்கம்.