பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

(தென் ஆப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம். எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் வாங்காமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று எழுதிப் பிழைக்கிற ஒருத்தியைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில். இன்று தமிழில் பேசச் சொல்லிவிட்டார்கள். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் போன்றவர்களிடம் நம்மவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "வீட்டு விஷயத்தை ஏம்மா வீதிக்குக் கொண்டு வர்றே?" காவடித் திருவிழா, பரதநாட்டிய அரங்கேற்றம், நூறு வயதைத் தொட்ட ஆயா என்று எழுதினால் தட்டிக்கொடுப்பார்கள். போதை, அடிதடி, தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு எட்டிப் பார்க்காத மகன் என்று எழுதினால் கல்யாண வீட்டில்கூட முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியில் தமிழர்கள் பத்திரிகை நடத்தியதே வீதிக்குக் கொண்டு வருவதற்காகத்தான். பி.எஸ். ஐயர் 1908-இல் டர்பனில் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. மூன்று பவுன் வரியை அவர் விடாமல் எதிர்த்து எழுதினார். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலியாளுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கினால் வருஷத்துக்கு மூன்று பவுன், அதாவது 60 ஷில்லிங் வரி. ஆறு மாதக் கூலி! 1903-இல் அதைப் பிள்ளைகள் தலையிலும் வைத்தார்கள்: பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது ஆனால் வரி. அது ஒழிய 1914 வரை ஆனது. ஐயர் யாருக்கும் அடங்கிப் போனவரில்லை, காந்தியையே தாக்கி எழுதியவர். அவரையும் 'வாயை மூடு' என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

சரி, வெளியே சொல்வது என்று முடிவு செய்தாயிற்று. எப்படிச் சொல்வது? என் வேலையில் பாதி நேரம் இதற்கே போகிறது. "பெயரை மாற்றிவிடு, போதும்" என்பார் வெளியூரில் உட்கார்ந்திருக்கும் பத்திரிகை ஆசிரியர். சாட்ஸ்வொர்த்தில் அது போதாது. 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் என்று பல இடங்களிலிருந்து 60-களில் நம் குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டு வந்து போட்ட ஊர் இது. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் அந்தப் பக்கம் இன்றைக்குப் பருப்பு என்று தெரிந்துவிடும். பெயரை மாற்றிவிட்டு, "கோயில் கமிட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரின் இளைய மகன்" என்று எழுதினால் வீட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்திய மாதிரிதான்.

'சுகர்ஸ்' என்கிற போதைத் தூள் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மட்டமான ஹெராயினோடு கண்டதையும் கலந்த தூள் அது. 2000-களின் நடுவில் இந்த ஊரில் தலைகாட்டியது, இன்னும் போகவில்லை. அதற்காக ஓர் அம்மாவிடம் பேசினேன். அவர் வேலைக்குக் கிளம்பும்போது காமாட்சி விளக்கைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். பித்தளை அல்லவா, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் காசு. குத்துவிளக்கையும் குளியலறைக் குழாயையும் மகன் ஏற்கெனவே கொண்டு போய்விட்டான். மாலையில் வந்து, கைகால் கழுவி, அதே விளக்கைப் பையிலிருந்து எடுத்து வைத்து ஏற்றுவார். பக்கத்து அறையில் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். தூள் கிடைக்காதபோது வரும் அந்த வலிக்குப் பையன்கள் 'அரோஸ்டா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த விளக்கை எழுதலாமா? மற்ற தாய்மாரிடம் விசாரித்தேன். விளக்கையும் வெண்கலப் பாத்திரத்தையும் ஒளித்து வைக்கிற வீடுகள் எத்தனையோ. பத்து வீட்டுக்குப் பொருந்துகிற விவரம் யாரையும் காட்டிக்கொடுக்காது. அதனால் எழுதினேன். அந்தப் பையன் முன்பு பார்த்த வேலை, அதை இழந்த விதம் இரண்டும் கதைக்கு நல்ல ருசி. ஆனால் அது ஒரே ஒரு வீட்டுக்குத்தான் பொருந்தும். விட்டுவிட்டேன். ஆசிரியருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அச்சுக்குப் போகுமுன் அந்த அம்மா சொன்ன வார்த்தைகளை மட்டும் போனில் படித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். என்ன வரி என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டமே கைப்பிடித்து வழிகாட்டுகிறது. குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர் யாரென்று வெளியிடக் கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு, 18 வயது முடிந்ததும் அது அற்றுப்போகாது என்று 2019-இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப்பில் பள்ளிச் சீருடையோடு படம் அனுப்புகிற மாமாக்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

அதற்காக, மறைக்கச் சொல்லிக் கேட்கிற எல்லோருடைய பெயரையும் மறைக்க முடியாது. கடைகளைச் சூறையாடிய 2021 ஜூலைக் கலவரத்தில், நம்மவர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். போலீஸ் வராத அந்த நாட்களில் நம்மவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், என் உறவினர்களும் தெருமுனையில் தடுப்புப் போட்டு நின்றார்கள். "பயத்தை மட்டும் எழுது, மற்றதை விடு" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். பயத்தை எழுதுகிறவள் செத்தவர்களையும் எழுத வேண்டும். ஃபீனிக்ஸை அடுத்த இனாண்டாவில், மகனைப் பறிகொடுத்த தாயும் வாசிக்கிற பத்திரிகை அது. அடி வாங்கியவர் பெயரை மறைப்பது ஒன்று. அடித்தவர் தம் பெயரை மறைக்கச் சொல்வது வேறு. இரண்டாவதற்கு நான் இசைய மாட்டேன். இங்கே சிலருக்கு இது கசக்கும், தெரியும்.

வருமானம் பற்றி இளையவர்கள் கேட்பார்கள். எண்ணுகிற வார்த்தைக்குக் காசு, அதுவும் அச்சில் வந்த பிறகு. 2020-இல் கொரோனா வந்தபோது இந்த நாட்டில் பல பத்திரிகைகள் மூடின. அதனால் நானும் மொழிபெயர்ப்பு, பாடப்புத்தகத் திருத்தம் என்று வேறு வேலை வைத்திருக்கிறேன். முழுநேரம் இதையே நம்பலாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனிக் கேள்விகள் கேட்கலாம். தெரிந்தவர் வீட்டுக் கதை ஏதாவது இருந்தால் மைக்கில் வேண்டாம். அப்புறம் டீ குடிக்கும்போது தனியாக வந்து சொல்லுங்கள்.