பட்டனை மறைச்சாப் போதுமா? எக்ஸ்பிரஸில பக்கங்களுக்கு அனுமதி வைக்கிற விதம்

வணக்கம் தம்பிமார், தங்கச்சிமார். மட்டக்களப்பு டவுனில ஒரு ரியூசன் வகுப்புக்கு வெப்சைட் செய்து குடுக்கிறீங்க எண்டு வைப்பம். ஏ லெவல் பிள்ளைகள் லொகின் பண்ணித் தங்கட மாதப் பரீட்சைப் புள்ளியப் பார்க்கணும். புள்ளி போடுறது சேர் மட்டும். செய்யிறது நோட் ஜேஎஸ்ஸில, அதாவது செர்வரில ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுற மென்பொருளில. அதுக்கு மேல எக்ஸ்பிரஸ், வெப்சைட் கட்டுறதுக்கான ஒரு கட்டமைப்பு.

கனபேர் என்ன செய்யிற எண்டா, பிள்ளை லொகின் பண்ணினா ‘புள்ளி போடு’ பட்டனைக் காட்டாம விட்டுட்டு, வேலை முடிஞ்சிது எண்டு நினைக்கிற.

[திரை: பிள்ளையின் கணக்கு. பட்டன் இல்லை. முகவரிப் பட்டையில் ‘/அட்மின்/புள்ளி’ என்று தட்டுகிறோம். பக்கம் அப்படியே திறக்கிறது.]

பார்த்தீங்களா? ப்ரவுசருக்குப் போய்ச் சேர்ந்த எதுவும் பிள்ளையின்ட கையில. அங்க ஓடுற ஜாவாஸ்கிரிப்டை நிப்பாட்டலாம், மாத்தலாம். ஆர் எதைப் பார்க்கலாம் எண்டு தீர்மானிக்கிறது செர்வர்தான்.

எக்ஸ்பிரஸில இதுக்கு மிடில்வெயார் இருக்கு. ரிக்வெஸ்ட் (வந்த கேள்வி), ரெஸ்பான்ஸ் (போற பதில்), நெக்ஸ்ட் (அடுத்த ஃபங்ஷனுக்கு விடுறது) எண்டு மூண்டையும் வாங்குற ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். செஷனில, அதாவது லொகின் பண்ணினவர் ஆரெண்டு செர்வர் வச்சிருக்கிற குறிப்பில, ஆள் இருந்தா நெக்ஸ்டைக் கூப்பிடும். இல்லாட்டி லொகின் பக்கத்துக்குத் திருப்பும். திருப்பின உடனே ரிட்டர்ன் போடுங்க. போடாம, கீழ இருக்கிற நெக்ஸ்டும் ஓடினா, புள்ளிய மாத்துற ஃபங்ஷனும் சேர்ந்து ஓடும். ஆளுக்கு லொகின் பக்கம்தான் தெரியும், ஆனா டேட்டாபேஸில புள்ளி மாறியிருக்கும்.

எழுதின வரிசையும் முக்கியம். எக்ஸ்பிரஸ் மேலயிருந்து கீழதான் போகும். ஸ்டாடிக் ஃபோல்டரை (படம், எச்ரிஎம்எல் மாதிரி ஃபைல்களை அப்படியே குடுக்கிற ஃபோல்டர்) திறக்கிற வரி மேல, லொகின் சோதனை கீழ எண்டா, அந்த ஃபோல்டருக்குள்ள கிடக்கிற அட்மின் எச்ரிஎம்எல் ஃபைல் ஆர் கேட்டாலும் போயிரும். சோதனைக்கு ஒரு வேலையும் வராது. அப்படியான ஃபைலை அந்த ஃபோல்டரில வைக்கவே வேணாம்.

இனித்தான் முக்கியமான இடம். கொஞ்சம் நிண்டு பாருங்க.

[திரை: பிள்ளை ஒழுங்காக லொகின் பண்ணியிருக்கிறார். முகவரி ‘/புள்ளி/27’. கர்சர் 7க்குப் பக்கத்தில். அழித்து 8 போடுகிறோம். வேறொரு பிள்ளையின் புள்ளி, வீட்டு முகவரி, அம்மாவின் ஃபோன் நம்பர்.]

லொகின் சோதனை சரியாத்தான் வேலை செய்தது. வந்தது ஆர் எண்டு செர்வருக்குத் தெரியும். ஆனா 28 அவருடையதா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. டேட்டாபேஸில தேடக்குள்ளயே ரெண்டு நிபந்தனை போடுங்க: புள்ளித்தாளின்ட இலக்கம் இது, மாணவர் செஷனில இருக்கிற இவர். மாணவர் இலக்கத்தை ஃபோர்மில இருந்தோ முகவரியில இருந்தோ எடுக்காதீங்க, செஷனில இருந்து மட்டும் எடுங்க. வெப் பாதுகாப்புக்கு வேலை செய்யிற ஓவாஸ்ப் அமைப்பின்ட, பெரிய ஆபத்துகளின்ட 2021 பட்டியலில அனுமதிக் கோளாறுகள் முதலாம் இடம், 2017இல அஞ்சாம் இடம். ஊர்ப் பிள்ளைகளின்ட விபரம் உங்கட கையில இருக்கு. அத நம்பித்தான் அந்தத் தாய்மார் நம்பர் தந்திருக்கிற.

செர்வர் திருப்பி அனுப்புற பதில் எண்களையும் சொல்லிட்டுப் போறன். ஆள் ஆரெண்டே தெரியாட்டி 401, தெரிஞ்சும் அனுமதி இல்லாட்டி 403. அப்படி ஒரு பக்கம் இருக்கெண்டே காட்ட விருப்பம் இல்லாட்டி 404 குடுக்கலாம்.

மிடில்வெயாரை மட்டும் நம்பியிருக்கவும் ஏலாது. 2025 மார்ச்சில நெக்ஸ்ட் ஜேஎஸ் எண்ட இன்னொரு வெப் கட்டமைப்பில (மேல சொன்ன நெக்ஸ்ட் இல்ல) ஒரு ஓட்டை வெளிய வந்திச்சு. ரிக்வெஸ்டோட ஒரு குறிப்பிட்ட ஹெடரை (கூடவே போற குறிப்பு வரி) சேர்த்து அனுப்பினா மிடில்வெயார் ஓடாமலே பக்கம் திறந்தது. 14.2.25, 15.2.3 பதிப்புகளில திருத்திட்டாங்க. டேட்டா எடுக்கிற இடத்திலயும் சோதனை வச்சிருந்தவங்கட டேட்டா தப்பிச்சிது.

மறுகா லொக் அவுட். ப்ரவுசரில கிடக்கிற, செஷனை அடையாளம் காட்டுற குக்கீய அழிச்சா மட்டும் காணாது, செர்வரில இருக்கிற செஷனையும் அழிங்க. இன்னொண்டு, பிள்ளைகள் கொமினிகேஷன் கடைக் கொம்பியூட்டரில புள்ளித்தாள் பிரிண்ட் எடுப்பாங்க. லொக் அவுட் பண்ணிட்டு எழும்பினாலும், அடுத்து இருக்கிறவர் ‘பேக்’ அமத்தினா பழைய பக்கம் ப்ரவுசரின்ட சேமிப்பில இருந்து வந்து நிக்கலாம். பாதுகாக்க வேண்டிய பக்கங்களுக்கு கேஷ் கொன்ட்ரோல் ஹெடரில ‘நோ ஸ்டோர்’ (சேமிக்காத எண்டு ப்ரவுசருக்குச் சொல்றது) போடுங்க. அந்த ஒரு வரிய உங்கட மிடில்வெயாருக்குள்ளயே, நெக்ஸ்டுக்கு மேல எழுதிரலாம்.