முதல் பிஸ்டல் வாங்கும் முன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று நீலகிரி வெலிங்டன் பக்கமே தங்கிவிட்டவன் நான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது வெடிமருந்து இல்லாமல் காற்று, வாயு அழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டி, சொல்லிக் கொடுக்கிறேன். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினாரா, அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற பெற்றோர் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "சார், எந்தக் கம்பெனி பிஸ்டல் நல்லது?" ஸ்டெயர், மோரினி, வால்தர், பார்தினி என்று பெயர்களை எல்லாம் செல்போனில் பார்த்துவிட்டே வருகிறார்கள். எல்லாம் நல்ல கம்பெனிதான். நான் கேட்பது வேறு. பிள்ளையின் கையைக் காட்டுங்கள் என்பேன்.

இந்தப் போட்டியில் பிஸ்டலை ஒற்றைக் கையில்தான் பிடிக்க வேண்டும். மற்றக் கை சும்மா இருக்கும், பலர் கால்சட்டைப் பையில் விட்டுக்கொள்வார்கள். 10 மீட்டர் தள்ளி இருக்கிற இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதை 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோ எடையை அத்தனை தடவை தூக்கி இறக்குகிற கைக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் இருப்பது கைப்பிடி மட்டும்தான். அது பொருந்தாவிட்டால் லட்ச ரூபாய் பிஸ்டலும் வீண்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஊழியரின் மகள் என்னிடம் வந்தாள். சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த வெளிநாட்டுப் பிஸ்டல், குறை சொல்ல முடியாத சாமான். சுட்டதெல்லாம் இடது பக்கம் போய் விழுகிறது. மூச்சைக் கவனி, இன்னும் பயிற்சி செய் என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னேன். "இப்போ கண்ணைத் திறம்மா, முன் சைட்டு எங்கே இருக்கு?" குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கிற துண்டுதான் முன் சைட்டு. பின் சைட்டுப் பள்ளத்துக்கு நடுவில் நிற்க வேண்டியது, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மணிக்கட்டை வளைத்து வளைத்துத்தான் அவள் நேராக்கிக்கொண்டிருந்தாள். பெரிய ஆள் கைக்குச் செய்த கைப்பிடி அது. அவளுடைய ஆட்காட்டி விரல் ட்ரிக்கரை நுனியால்தான் தொட்டது. நேராக இழுக்க எட்டாத விரல் பக்கவாட்டில் தள்ளத்தானே செய்யும்?

முதலில் ட்ரிக்கரையே ஒரு திருகைத் தளர்த்திப் பின்னால் நகர்த்தினோம். போட்டிப் பிஸ்டலில் அந்த வசதி உண்டு. அதுவும் போதவில்லை. அப்புறம் கைப்பிடியை மட்டும் கழற்றி எங்கள் ஊர் ஆசாரியிடம் எடுத்துப் போனேன். பிஸ்டல் என்றதும் அவருக்குப் பயம். "போலீஸ் கீலீஸ் வருமா சார்?" இது வெறும் மரம்தான் என்று சொல்லிப் புரியவைத்தேன். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் சாக்பீஸ் பொடி தடவிப் பிடிக்கச் சொன்னார். மரத்தில் வெள்ளை ஒட்டிய இடம், ஒட்டாத இடம் இரண்டும் பளிச்சென்று தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்துகிற முதுகுப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் இறக்கினார், பிடிக்கச் சொன்னார், மறுபடி இறக்கினார். உள்ளங்கைக் குழியில் இடைவெளி விட்ட இடத்தில் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அப்பினார். நம் ஊர்ப் பனியில் அது காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உற்சாகத்தில் மணிக்கட்டைத் தாங்குகிற மாதிரி ஒரு அணையும் செதுக்கட்டுமா என்றார். வேண்டாம் ஆசாரி, கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கினால் போட்டியில் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். அடுத்த முறை சுட்டபோது குண்டுகள் எல்லாம் நடுவை ஒட்டி விழுந்தன. பிஸ்டல் அதேதான், பெண்ணும் அதே பெண்தான்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், கடைக்கோ சுடும் ரேஞ்சுக்கோ பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணை மூடி, கை நீட்டி, கண் திறந்து பார்க்கிற சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கைப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு வாரியாக வருகிறது. வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனி. இதைக் கேட்காமலே பணத்தைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்!

அடுத்தது ட்ரிக்கர். போட்டி விதிப்படி அது குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். அரைக்கிலோ எடையை ட்ரிக்கரில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள், எடையைத் தாங்காமல் ட்ரிக்கர் விடுபட்டால் அந்தப் பிஸ்டல் போட்டிக்கு வெளியே. விரல் வைத்ததும் கொஞ்சம் தளர்வாக வந்து, ஒரு இடத்தில் நின்று, அப்புறம் கண்ணாடிக் குச்சி மாதிரிப் பட்டென்று உடைய வேண்டும். நடுவில் மணலில் இழுப்பது போல் உரசினால் வேண்டாம்.

இனி நம் மலைக்கான சங்கதி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ஓடும் பிஸ்டல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த வாயுவின் அழுத்தம் 20 டிகிரியில் 57 பார் (அழுத்தத்தின் அலகு) என்றால் 10 டிகிரியில் 45தான். ஊட்டியில் ஜனவரிக் காலையில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குண்டு ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே போகும், பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைக்கும். அழுத்தக் காற்று நிரப்புகிற பிஸ்டலில் இந்தத் தொல்லை இல்லை. கைப்பம்பில் நிரப்புவதானால் மேட்டுப்பாளையத்தில் அடிப்பதைவிட ஊட்டியில் கூடுதலாக அடிக்க வேண்டும், இங்கே காற்றே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. பனிமூட்ட நாளில் பம்பு அடிக்காதீர்கள், ஈரம் சிலிண்டருக்குள் போகும்.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். சட்டம் பற்றி ஒரு வரி: 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் 22 பிஸ்டல் வேறு கதை, அது ஆயுதச் சட்டத்தில் வரும், ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள். தேதி முடிந்திருந்தால் புதுச் சிலிண்டருக்கான காசைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். வணக்கம்.