கழுத்தின் வருத்தத்தைக் கையில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கழுத்து எலும்புத் தேய்மானம் என்றதும் எல்லாரும் பிடரியைத்தான் தடவுவார்கள். நான் கையைப் பார்க்கச் சொல்பவன். சேட்டுக்குப் பொத்தான் பூட்ட முடிகிறதா, சோற்றைப் பிசைந்து உருட்ட முடிகிறதா, அதைப் பாருங்கள்.

மூதூர்ப் பக்கத்து மீனவர் ஒருவருக்கு வலையில் முடிச்சுப் போட விரல் வழங்கவில்லை. சீனி வருத்தத்தால் வந்த விறைப்பு என்று வீட்டில் நினைத்தார்கள். அதுவும் விறைப்பைத் தரும்தான். பிறகு வள்ளத்தில் ஏறும்போது கால் தடுமாற, பாரிசவாதம் என்றார்கள். கழுத்தில் நோவே இல்லை. ஆகவே கழுத்தை ஒருவரும் நினைக்கவில்லை. கையை மூடி விரிக்கச் சொன்னேன். 10 விநாடியில் 20 தடவையாவது செய்ய வேண்டும். அவரால் பாதிகூட முடியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் கழுத்துக்குள் முண்ணாண், அதாவது மூளையிலிருந்து கை கால்களுக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புத் தண்டு, நசுங்கிக் கிடக்கிறது. அது போகும் எலும்புக் குழாய் முன்னிருந்து பின்னாக வழமையாக 17 மில்லிமீற்றர் அளவு இருக்கும். 13க்குக் கீழே என்றால் ஒடுக்கம். வயதோடு, கழுத்தெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் தட்டுப் பிதுங்கி, எலும்பும் முளைத்தால் இருக்கிற இடமும் போய்விடும்.

“கழுத்தில் கத்தி வைத்தால் படுக்கைதானே, ஐயா?” என்று கேட்டார். திருகோணமலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இல்லை. முண்ணாணை வெட்டுவதில்லை, அதற்கு இடம் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒன்றிரண்டு தட்டு என்றால் பெரும்பாலும் முன்கழுத்தால் போய், பிதுங்கிய தட்டை எடுத்து, எலும்புத் துண்டு வைத்துப் பொருத்துவார்கள். சில நாள் விழுங்கக் கஷ்டமாக இருக்கும், குரலும் கரகரக்கலாம். பல இடத்தில் நெரிபட்டால் பின்பக்கத்தால். ஜப்பானிய வைத்தியர் ஹிராபயாஷி 1970களில் கொண்டுவந்த முறையில், எலும்பை முழுதாக அகற்றாமல் ஒருபக்கம் பிணைச்சல் போட்ட கதவைப்போலத் திறந்து விடுவார்கள். சிலருக்குத் தோளைத் தூக்கும் பலம் குறையும். பெரும்பாலும் திரும்பி வரும்.

மீனவருக்கு நடை திருந்தியது. விரல் முழுதாகத் திருந்தவில்லை. வலையை இப்போது மகன் பார்க்கிறார். சத்திரசிகிச்சையின் முதல் வேலை, வருத்தம் மேலும் முற்றாமல் நிறுத்துவது. முன்பே இழந்ததெல்லாம் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், கையைப் பாருங்கள்.

நேரம் முடிகிறதாம். உடற்பயிற்சி பற்றிச் சொல்ல இருந்தேன், முடியாது போலிருக்கிறது. சரி, அவசரமாக இரண்டு. பொருத்திய எலும்பு ஒட்ட வேண்டுமென்றால் புகைக்கக் கூடாது. கை தடுமாறுகிறவர்கள் சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கக் கொடுக்கவே வேண்டாம். அப்புறம், கை கால் தடுமாற்றத்தோடு சிறுநீரும் அடக்க முடியாமல் போனால் கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வணக்கம்.