வழக்குக் கட்டுகளில் ஒரு குடும்பம்

வணக்கம் நேயர்களே. பூர்வீகம் தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பிறப்பு, இறப்புப் பதிவுகளைத்தான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அந்த வழி சீக்கிரமே நின்றுவிடும். பிறப்பையும் இறப்பையும் மாநிலம் முழுக்க அரசு முறையாகப் பதியத் தொடங்கியது 1853-இல். அதற்கு முந்தைய இருநூறு வருஷத்து மக்களைப் பார்க்க வேண்டுமென்றால் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி.

அந்த நீதிமன்றம் வழக்கை மட்டும் விசாரிக்கவில்லை. உயிலைப் பதிந்தது, வரி விதித்தது, சாலையைப் பராமரிக்க ஆள் நியமித்தது. பெற்றோரை இழந்த பிள்ளையை யார் வீட்டில் வளர விடுவது என்பதையும் அதுவே முடிவு செய்தது. ஆகவே ஊரில் யார் வாழ்ந்தாலும் ஒருநாள் அந்த எழுத்தரின் ஏட்டில் வந்தே தீருவார்கள். நார்த்தாம்ப்டன் கவுண்டியில் 1632 முதல் ஏடுகள் தொடர்ச்சியாக இருக்கின்றன.

அந்த ஏடுகளில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1621-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவர், தொடக்கத்தில் வெறும் 'அந்தோனியோ'. பிறகு ஆன்டனி ஜான்சன் என்ற பெயரில் விடுதலை பெற்றவராக, மனைவி மேரியோடும் பிள்ளைகளோடும் வாழ்கிறார். 1651-இல் 250 ஏக்கர் நிலம் கிடைக்கிறது. 1653-இல் தோட்டம் தீப்பிடித்துப் பெரும் நஷ்டம். நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே உழைத்தவர்கள் என்று சொல்லி, மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுள் முழுக்க வரி விலக்குக் கொடுக்கிறது நீதிமன்றம்.

அப்புறம் 1655. ஜான்சனிடம் வேலை செய்த ஜான் கேசர் என்ற ஆப்பிரிக்கர், தான் குறிப்பிட்ட சில வருஷங்களுக்கு மட்டுமே வேலைக்கு வந்தவன், காலம் முடிந்தும் விடவில்லை என்கிறார். பக்கத்து நிலக்காரர் ஒருவர் அவரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார். வழக்கு நடக்கிறது. கேசரை ஜான்சனிடமே திருப்பித் தரச் சொல்கிறது தீர்ப்பு. அவர் வாழ்நாள் முழுக்க அடிமையாகிறார். இதைப் படிக்கும்போது எனக்கு ஜான்சன் மேல் வருத்தம் வருகிறது. ஆனாலும் முன்னோர்களில் நமக்குப் பிடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடி வைப்பது தேடலே இல்லை.

ஜான்சன் குடும்பம் மேரிலாந்துக்குக் குடிபெயர்கிறது. 1670-இல் ஆன்டனி இறந்தபின், அவர் கறுப்பர், ஆகவே அந்நியர் என்று சொல்லி வர்ஜீனியாவில் இருந்த நிலத்தை நடுவர் குழு குடும்பத்திடமிருந்து பறிக்கிறது. 1677-இல் பேரன் 44 ஏக்கர் வாங்குகிறார். அந்த நிலத்துக்கு அவர் வைத்த பெயர் அங்கோலா, ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு நாட்டின் பெயர். எழுதிவைத்த சரித்திரம் எதுவும் இல்லாத ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை, வரிக்கும் நிலத்துக்கும் நடந்த பிரச்சினைகளிலிருந்து நமக்குக் கிடைத்துவிடுகிறது.

அடிமைகளாக இருந்தவர்களின் வம்சாவளியினருக்கு இந்தக் கட்டுகள் உயிர் மாதிரி. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உரிமையாளர் பெயரின் கீழ் வயதும் பாலும் நிறமும் இருக்கும். ஆளின் பெயர், மிகச் சில இடங்கள் தவிர, இருக்காது. 1870-இல்தான் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முன்னால் போக, உரிமையாளரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் பாகப்பிரிவினை வழக்கையும் படிக்க வேண்டும். மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு தாயின் பெயர், பிள்ளைகளின் பெயர், எதிரே விலை. படிக்கக் கை நடுங்கும். ஆனால் சில குடும்பங்களில் அந்தத் தாய் வாழ்ந்ததற்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அதுதான்.

விடுதலை கேட்டுப் போட்ட வழக்குகள் இன்னும் விரிவானவை. 1662 சட்டப்படி பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது. தாய் வழியில் யாராவது சுதந்திரமானவர் என்று நிரூபித்தால் விடுதலை உண்டு. அதனால் வயதான அக்கம்பக்கத்தார் வந்து, 'இவள் பாட்டியை எனக்குத் தெரியும்' என்று ஆரம்பித்து தலைமுறை தலைமுறையாகச் சொல்லியிருப்பார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். தீர்ப்பு ஏட்டில் இரண்டு வரிதான் இருக்கும். விஷயமெல்லாம் மடித்துக் கட்டிய தனிக் காகிதங்களில், சாட்சிகளின் வாக்குமூலத்தில் கிடக்கும். கேஸ் கட்டைப் பார்க்காமல் தேடலை முடித்துவிடாதீர்கள். உங்கள் குடும்பப் பெயர் இல்லாத வழக்கிலும் உங்கள் தாத்தா சாட்சியாக வந்திருக்கலாம்.

சில கவுண்டிகள் உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று ஏடுகளை மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அங்கே பற்றிய தீயில் அவை போய்விட்டன. அப்படிப்பட்ட ஊராக இருந்தால் பக்கத்துக் கவுண்டி வழக்குகளைப் பாருங்கள். ஆதாரமாகக் கொடுத்த உயில் நகலும் பத்திர நகலும் அங்கே தப்பியிருக்கும்.

வர்ஜீனியா நூலகம் இந்தக் கட்டுகளில் பலவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'வர்ஜீனியா அன்டோல்ட்' என்ற திட்டத்தில் கறுப்பின மக்களின் பெயர்களைத் தனியாகத் தேடலாம். பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய அவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேவை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் நீங்கள் இங்கிருந்தே ஒரு பக்கம் எடுத்துச் செய்து கொடுக்கலாம். நன்றி, வணக்கம்.