வெட்டக் கூடாத இடமும் தள்ளிப்போடக் கூடாத வரியும்

பெரியோர்களே, நண்பர்களே!

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். 2020-21இல் நிதிப் பற்றாக்குறை 92,305 கோடி ரூபாய். வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி. முதலாவது, பெரும்பாலும் கடன் வாங்கி அடைக்க வேண்டிய மொத்த இடைவெளி. இரண்டாவது, அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் விழுந்த துண்டு. மூன்று ரூபாய் கடன் வாங்கினால் அதில் இரண்டு ரூபாய் பாலமாகவும் இல்லை, அணையாகவும் இல்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று கரைந்துவிட்டது. கொரோனா ஆண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் வருவாய்க் கணக்கில் 2013-14 முதலே துண்டு விழுந்துகொண்டிருந்தது.

செலவைக் குறை என்கிறார்கள். எதை? சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது. மானியத்தைத் தொட எந்த அரசும் தயங்கும். எனவே சத்தமில்லாமல் வெட்டுப்படுவது சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவு. ஒப்பந்ததாரர் பில் நிலுவையில் நிற்கும், வேலை பாதியில் நிற்கும், பிறகு திருத்திய மதிப்பீடு என்று கூடுதல் தொகை கேட்டுக் கோப்பு வரும். இதில் பெரிய கொடுமை, இந்த வெட்டால் வருவாய்ப் பற்றாக்குறை ஒரு ரூபாய்கூடக் குறையாது. மூலதனச் செலவு அந்தக் கணக்கிலேயே கிடையாது!

சரி, வரி? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் பெரும்பாலான பொருள்களின் வரி விகிதம் மாநிலத்தின் கையில் தனியாக இல்லை. பெட்ரோல், டீசல், மது, முத்திரைத்தாள், வாகன வரி என்று சிலதான் மிச்சம். மின் கட்டணமும் சொத்து வரியும் நேரே கஜானாவுக்கு வருவதில்லை. ஆனால் மின்வாரியத்தின் நஷ்டமும் உள்ளாட்சிகளின் பற்றாக்குறையும் கடைசியில் அரசின் தலையில்தான் விடியும்.

இவற்றை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டதுதான் தவறு. மின் கட்டணம் 2014க்குப் பிறகு 2022 செப்டம்பரில்தான் உயர்ந்தது. சென்னைக்கு வெளியே நகராட்சிகளில் 2008க்குப் பிறகு 2022இல்தான் சொத்து வரி உயர்ந்தது. 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு ஒரேயடியாக 100 சதவீதம். 3,000 ரூபாய் கட்டியவர் 6,000 கட்ட வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றியிருந்தாலே 14 ஆண்டில் ஏறக்குறைய அதே தொகைக்கு வந்திருக்கும். யாருக்கும் அதிர்ச்சி இருந்திருக்காது, இடைப்பட்ட ஆண்டுகளின் வருமானமும் கைக்கு வந்திருக்கும்.

இப்போது மின் கட்டணம் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி உயர்கிறது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம். சொத்து வரிக்கும் இதே முறைதான் வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே விகிதம் கூடாது. 2022இல் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு அந்த நகராட்சிகளில் 25 சதவீதம்தான் ஏற்றினார்கள். அந்த வேறுபாட்டைக் கைவிட்டுவிடாதீர்கள்.